சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கதவு, தாழ்ப்பாள், சங்கிலி, நீங்கள் கதவில் பதித்துக் கொடுத்த லென்ஸ் எல்லாமே சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவர் சொன்னதை அப்படியே நம்புவது டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஆகாத காரியம். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் எனக்கு எப்போதுமே விதிவிலக்கு உண்டு.

ஃபோனில் சொல்வதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஃபோனில் "மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?" என்று நான் கேட்டால், "நல்லா இருக்கோம்ப்பா" என்று என் மகளின் குரல் வருகிறது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் மனம்விட்டுப் பேச அதில் வழியில்லை. போதாததற்கு, நான் என் ரயில் அனுபவத்தில் ஒன்றை எடுத்துவிட ஆரம்பித்தால் உடனே உங்களுக்கு அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வந்துவிடுகிறது. "ஒரு நிமிஷம் மாமா, இன்னொரு கால் வருது" என்கிறீர்கள். சரியாக நான் "அந்தக் காலத்துல வண்டியில" என்று வாயைத் திறக்கும் நேரத்துக்கே அந்த அழைப்பு வருவது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சந்தேகப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வரப்போவதாகவும், எங்களை உங்கள் வீட்டோடு கூட்டிக்கொண்டு போவது பற்றி முடிவாகப் பேசப்போவதாகவும் தகவல் வந்தது. என் மகள் முடிவாகப் பேசுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்கள் அவளோடு குடித்தனம் பண்ணுகிறவர். இந்த வீட்டை விட்டு நாங்கள் வருவதாக இல்லை. நீங்கள் என் பக்கம் நின்றால்தான் காரியம் நடக்கும். அதற்காகத்தான் இந்த நீண்ட கடிதம். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வெந்நீர் ஹீட்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து இலவச சர்வீஸ் என்று சொல்லி ஒருவர் வந்தார், ஹீட்டரைக் கழற்றினார், "உள்ள உப்பு படிஞ்சிருக்கு சார், கடைக்குக் கொண்டுபோய்தான் கழுவணும்" என்றார். கொண்டுபோனார். அதோடு சரி. இதில் என் மகளுக்கு ஹீட்டர் போனதுகூடப் பெரிய வருத்தமில்லை. அதை வாசல்வரை தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் பிடித்தது நான், வண்டியில் வைத்துக் கட்டுவதற்குக் கயிறு கொடுத்ததும் நான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கனமான பொருளை ஒற்றை ஆள் தூக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா, மாப்பிள்ளை? திருடனாக இருந்தாலும் இடுப்பு இடுப்புதானே! "இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். நீங்கள்தான் நடுவில் புகுந்து சமாதானம் பேசி, மறுவாரமே வந்து கதவில் லென்ஸ் வைத்து, சங்கிலி மாட்டி, லென்ஸில் பாருங்கள், சங்கிலியைக் கழற்றாதீர்கள், அடையாள அட்டையைக் கேளுங்கள், அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு விசாரியுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பாடத்தில் ஒரு எழுத்துகூட நான் தவறவிடவில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

முதலில் லென்ஸ். அதை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் உயரம் எங்களுக்குப் பெருமைதான், பெண் பார்க்க வந்தபோதே தலை கதவு நிலையில் இடித்ததைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன். ஆனால் அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் நான் சமையலறைக்கு ஓடி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் ஏறிப் பார்ப்பதற்குள் வந்தவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். ஏறிப் பார்த்தாலும் பலனில்லை. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாராக இருந்தாலும் மூக்குதான் முதலில் வருகிறது. முகத்தில் மிச்சமெல்லாம் அந்த மூக்குக்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. ஒருவர் முகத்தைப் பார்த்தே வித்தவுட்டா, டிக்கெட் எடுத்தவரா என்று சொல்லிவிடுகிற எனக்கே எல்லாரும் திருடர்களாகத் தெரிந்தார்கள்.

அடுத்தது அடையாள அட்டை. இங்கேதான் என் கை எனக்குத் துரோகம் செய்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு என் மேலதிகாரி பெரிய மனது பண்ணி, டிக்கெட்டில் ஓட்டை போடுகிற என்னுடைய பித்தளைப் பஞ்ச் கருவியை என்னிடமே விட்டுவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தை அதைக் குறடு என்பாள், நானும் இப்போது அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஒவ்வொரு பரிசோதகரின் குறடும் ஒவ்வொரு வடிவத்தில் ஓட்டை போடும், என்னுடையது அரைநிலா. அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன், சும்மா ஒரு துணைக்கு. மின்சார மீட்டர் பார்க்கிற பெண் வந்தாள். சங்கிலி இடுக்கு வழியாக அட்டையைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதியைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தால் என் கை என்ன செய்யும், மாப்பிள்ளை? ஆயுளில் பாதி ஓடுகிற வண்டியில் செய்த வேலை! நான் நினைப்பதற்கு முன்னாலேயே "டக்" என்று சத்தம் கேட்டுவிட்டது.

அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

"என்ன சார் இது, என் பேர்ல ஓட்ட போட்டிருக்கீங்க?"

"செக் பண்ணியாச்சும்மா. இனி நீ தைரியமா உள்ள வரலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

உங்கள் அத்தை ஓடிவந்து, அவளுக்குத் தேநீர் கொடுத்து, "அவரு மனசு நல்ல மனசுதாம்மா, கைதான் ரயில்லயே நின்னுபோச்சு" என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். அலுவலகத்தில் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. ஆனால் அடுத்த தடவை வந்தபோது மணியை அடித்துவிட்டு, நான் கேட்கும் முன்பே அட்டையைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "ஏற்கனவே போட்டாச்சு சார், போட்டாச்சு!" என்று கத்தினாள். எவ்வளவு பொறுப்பான பிரயாணி!

இப்போது உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களிடம் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார், நடந்ததை நான் சொல்கிறேன். சம்பந்தி இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மணியை அடித்திருக்கிறார். நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன், ஒரு மூக்கு நின்றது. உங்கள் குடும்பத்து மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கும் அதே மூக்குதான், கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லென்ஸில் அது கதவு முழுக்க நிறைந்துவிட்டது.

"யாரு?" என்றேன்.

"நான்தான் சம்பந்தி."

"நான்தான்னு எல்லாருந்தான் சொல்வாங்க. அடையாள அட்டை இருக்கா?"

வெளியே சட்டைப்பையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு சங்கிலி இடுக்கு வழியாக ஒரு பஸ் பாஸ் உள்ளே வந்தது. முதியவர்களுக்கான இலவச பஸ் பாஸ். அதில் இருந்த படம் உங்கள் அப்பாவுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வந்த சந்தோஷத்தில்தான், மாப்பிள்ளை, சத்தியமாகச் சந்தோஷத்தில்தான், "டக்." ஓட்டை சரியாகப் படத்தில் இருந்த காதில் விழுந்தது. இப்போது அவர் பஸ்ஸில் ஏறினால் நடத்துநர், "இது ரத்து பண்ணின பாஸ் மாதிரி இருக்கே பெரியவரே" என்கிறாராம். சம்பந்தி அன்றைக்கு உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புதுப் பாஸ் எடுத்துக் கொடுப்பதற்காக நானே வரிசையில் நிற்கத் தயார் என்று என் சார்பில் சொல்லிவிடுங்கள். அந்தப் புதுப் பாஸை என்னிடம் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் அத்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருவன்தான் கோட்டையைக் காவல் காக்கிறேன் என்று ஆகிவிடும். அவளுக்கு லென்ஸும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். தூசி உறிஞ்சுகிற இயந்திரம் விற்கிறவர் ஒருவர் வந்து, "சும்மா ஒரு டெமோ மட்டும் காட்டுறேன்மா, வாங்கணும்னு கட்டாயமில்ல" என்றார். "அப்படியா தம்பி, வாப்பா" என்று கூப்பிட்டு, மெத்தையைக் காட்டினாள், சோபாவைக் காட்டினாள், பரணைக் காட்டினாள், ஜன்னல் திரையைக் காட்டினாள், கட்டிலை நகர்த்தச் சொல்லி அதன் அடியையும் காட்டினாள். அவர் வியர்க்க விறுவிறுக்க வீட்டைச் சுத்தம் செய்து முடித்து, விலையைச் சொன்னபோது, "ரொம்ப நல்ல மெஷின் தம்பி, அடுத்த மாசமும் வந்து காட்டு" என்று வழியனுப்பி வைத்தாள். அந்தக் கம்பெனி ஆட்கள் இப்போது எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

இனி முக்கியமான சம்பவம். இதை என் மகளுக்கு நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு நாள் அடுப்பு கேஸ் குழாயைச் சோதிக்க வந்திருப்பதாக ஒருவர் மணியடித்தார். வழக்கம்போல மூக்கு, வழக்கம்போல அட்டை. அட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்துப் பட்டையில் தொங்கியது, அவர் கழற்றாமலே இடுக்கு வழியாக நீட்டினார். நானும் உறையோடு சேர்த்தே வழக்கத்தைச் செய்துவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார். "உங்க ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத் திறக்கறேன், நில்லுங்க" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். "வண்டியில டார்ச்ச வச்சிட்டு வந்துட்டேன் சார், எடுத்துட்டு வர்றேன்" என்று போனவர் வரவேயில்லை. பாவம், டார்ச் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம் சில வாரம் கழித்துக் குடிதண்ணீர் சோதனை என்று ஒருவர் வந்தார். இவர் அட்டையை இடுக்கு வழியாக நீட்டவில்லை, கதவுக்கு வெளியே சற்றுத் தள்ளியே நின்று காட்டினார். கையில் ஒரு பெட்டி, நல்ல சட்டை, பணிவான பேச்சு. "தெருவுல எல்லார் வீட்லயும் பாத்துட்டேங்க, உங்க வீடுதான் பாக்கி" என்றார். எல்லாருக்கும் நடந்தது எனக்கு மட்டும் நடக்காமல் விட்டுப்போய்விடக் கூடாதே என்று திறந்துவிட்டேன். அவர் உள்ளே வந்து, எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும், பெட்டியிலிருந்த அவருடைய தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். மாப்பிள்ளை, அவருடைய தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது. எங்களுடையது பழுப்பாகி, திரிந்து, சாக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"இதத்தான் சார் இத்தன நாளா நீங்க குடிச்சிட்டு இருக்கீங்க" என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"அதக் குடிச்சுத்தான் இவரு இவ்வளவு பேசறாரு" என்றாள் உங்கள் அத்தை. "சுத்தமான தண்ணி குடுத்தா இன்னும் என்ன ஆகுமோ!"

அவர் அதற்குச் சிரித்துவிட்டு, புது இயந்திரம் பொருத்துவதற்கான தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் பேனாவைத் திறந்தேன், ஆமாம், திறந்தேன், மறைக்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுவதற்காக அவர் குனிந்தார். குனிந்ததும் அவர் கழுத்துப் பட்டை என் மூக்குக்கு நேராகத் தொங்கியது. அட்டை புதிது, ஓட்டை இல்லை. ஆனால் அதைப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு ஓட்டை இருந்தது. அரைநிலா! கேஸ் குழாய் என்று வந்த அதே ஆள், அன்றைக்கு நான் பார்த்தது வெறும் மூக்கு! அட்டையை மாற்றினவர் உறையை மாற்ற மறந்துவிட்டார். உலகத்தில் எத்தனையோ ஓட்டைகள் இருக்கலாம், என் ஓட்டையை நான் மறப்பேனா?

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆவேசத்தை எப்படிச் சொல்வேன்! எழுந்து நின்றேன். குரல் பழைய கம்பீரத்தோடு வந்தது. வார்த்தையும் பழைய வார்த்தையாகவே வந்துவிட்டது. "எங்கய்யா ஏறின? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு!" என்றேன். அவர் பெட்டியையும் கம்பியையும் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். ஆனால் அவர் உள்ளே வந்ததுமே உங்கள் அத்தை, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி, சங்கிலியைத் திரும்ப மாட்டியிருந்தாள். அவருக்குப் பதற்றத்தில் அதைக் கழற்றத் தெரியவில்லை. இழுத்தார், ஆட்டினார், கடைசியில் திரும்பி, "சார், இத எப்படி சார் கழட்டுறது?" என்று என்னையே கேட்டார். வீட்டுக்கு வந்தவர் கேட்கிறாரே என்று நான் போய்க் கழற்றிவிட்டேன். அவர் ஓடிப் போனதும்தான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. உங்கள் அத்தை அன்று சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் அதைப் பற்றி மட்டுமே பேசினாள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் வந்தார். அவருடைய அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கை அரித்தது, மாப்பிள்ளை. ஆனால் அடக்கிக்கொண்டேன். அந்த அரைநிலா அடையாளத்தைக் கேட்டுவிட்டு அவர், "பரவால்லயே சார், உங்கள மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்று சொன்னார். ‘பரவால்லயே’ என்ற சொல்லுக்கு அடியில் என் மகளுக்காக நீங்கள் ஒரு கோடு போட்டுக் காட்டலாம். அந்த ஆள் விட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பெட்டி, யாராவது கேட்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது இப்போது கதவடியில் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் லென்ஸ் சரியாக என் கண்ணுக்கு வருகிறது. ஸ்டூலுக்காக ஓடுகிற வேலை மிச்சம்.

ஆக, மாப்பிள்ளை, எங்களுக்கு இங்கே என்ன குறை? கதவு இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, குறடு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே என் அனுபவம் இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் பல்வலியோடு பிரயாணம் செய்த இரட்டையர்களைப் பிடித்தவன் நான். அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா? ஒருவன் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறான், டிக்கெட்டைக் காட்டுகிறான், கொஞ்ச நேரம் கழித்து நான் பார்த்தால் அவனே வேறு பெட்டியில்... சரி, வேண்டாம், நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்கள் அத்தையிடம் ஆரம்பித்தால் அவள் முடிவை முதலில் சொல்லிவிடுகிறாள். தையல்காரர் நான் ஆரம்பித்ததும் மெஷினை வேகமாக மிதிக்கிறார். நான் சொல்ல வந்தது என்னவென்றால், அப்பேர்ப்பட்டவனை ஏமாற்றிவிட்டு ஒருவன் இந்த வீட்டு வாசலைத் தாண்டிவிட முடியாது. என் மகளிடம் நீங்கள் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எங்களுக்காக ஒதுக்கியிருக்கிற அறையின் ஜன்னலிலிருந்து ரயில் தெரியும் என்று நீங்கள் ஆசை காட்டினீர்கள். நன்றி. ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு ரயில் எதற்கு? ஓடட்டும் அது பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாக வரலாம், சாப்பிடலாம், பேசலாம், திரும்பும்போது இரண்டு பேராகவே திரும்பலாம்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், ஹீட்டர் பத்திரமாக, நல்ல தண்ணீர் குடித்து நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அப்பாவின் காதுக்கு என் வருத்தத்தையும், அம்மாவுக்கு எங்கள் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
யாரிடமும் ஏமாறாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். கோந்து கையெல்லாம் ஒட்டுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் அத்தை கடைக்குப் போயிருந்தாள். நான் தபாலில் சேர்க்கப் புறப்படும்போது மணி அடித்தது. பெட்டிமேல் ஏறிப் பார்த்தேன். அட்டை கேட்டேன், "அட்டையெல்லாம் இல்லீங்க" என்றார். ஃபோன் போட்டு விசாரிக்க அலுவலகம் எது என்று கேட்டேன், "அப்படி ஒண்ணும் இல்லீங்க, நானா ஆர்வத்துல செய்றது" என்றார். எதையும் விற்கவில்லை. எதையும் சோதிக்கவில்லை. "நீங்க ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவராமே, தேநீர்க் கடையில சொன்னாங்க. பழைய ரயில் பொருள்களையும் அந்தக் காலத்து அனுபவங்களையும் சேத்துட்டு இருக்கேன். உங்களுக்கு நேரமிருந்தா ரெண்டு வார்த்த கேக்கலாமா?" என்றார்.

எனக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டார், மாப்பிள்ளை.

சங்கிலியை நான்தான் கழற்றினேன். அவர் தொடவே இல்லை. நானே தேநீர் போட்டேன். இரட்டையர் கதையை ஆரம்பித்தேன். கன்னம் வீங்கினவன் டிக்கெட்டைக் காட்டியதைச் சொன்னேன். அவர், "அப்புறம்?" என்றார். அவனே வேறு பெட்டியில் அதே வீங்கின கன்னத்தோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். மூத்தவனுக்கு நிஜமாகவே பல்வலி, இளையவன் அவனைப் போலத் தெரிவதற்காகக் கன்னத்தில் பஞ்சை அடைத்திருந்தான், ஆனால் எந்தக் கன்னம் என்று மறந்து மாற்றி அடைத்துவிட்டான், அதை வைத்துத்தான் பிடித்தேன் என்று முடித்தபோது அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சரியாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். எந்த அழைப்பும் வரவில்லை அவருக்கு. கதைக்கு மேல் கதை, தேநீருக்கு மேல் தேநீர். கடைசியில் அந்தப் பித்தளைக் குறட்டைக் கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டு நாளைக்குக் கொண்டுவந்து தருவதாகக் கேட்டார். கொடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தையும் கேட்டார். அதை அவர் ஸ்டூல்மேல் ஏறிக் கழற்றினார். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்.

அவர் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே கிடையாதாம்.

உங்கள் அத்தை வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியைப் பார்த்தாள், சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் இருந்ததைப் பார்த்தாள், மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். "எல்லாக் கதையையும் கேட்டாரா?" என்றாள். "எல்லாத்தையும் கேட்டாரு" என்றேன். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து, என் எதிரே, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "கன்னம் வீங்கின ஆள வேற பெட்டியில பாத்தீங்க, அப்புறம்?" என்றாள். முடிவு தெரிந்தே கேட்டாள். எனக்குத்தான் கதை வரவில்லை.

என் மகளுக்கு இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்துக் காட்டாதீர்கள் என்று எழுதத்தான் உறையைப் பிரித்தேன். இப்போது யோசித்தால் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். மூக்கைக் காட்டினால் போதும், அட்டை வேண்டாம், ஓட்டை போடவும் இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. அப்புறம், ஒரே ஒரு சந்தேகம். அந்த ஜன்னலிலிருந்து ரயில் தெரியும் என்றீர்களே, அது பெட்டிக்குள் இருக்கிறவர்கள் முகம் தெரிகிற தூரமா? சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.